சப்ரகமுவ லயங்களில் ஓர் இளம் ஊழியக்காரனின் இரண்டு வருடங்கள்

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, மறுநாள் மதியம் யட்டியாந்தோட்டையில் இறங்கியபோது எனக்கு வயது இருபத்தொன்று. கையில் ஒரு துணிப்பை, ஒரு வேதாகமம், எங்கள் சபை தந்த அறிமுகக் கடிதம். யட்டியாந்தோட்டை, புலத்கொஹுபிட்டிய, தெரணியகலை பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வருடம் ஊழியம் செய்ய வேண்டும் என்பதே ஏற்பாடு.

இதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அப்பம்மா மட்டும், "நாங்க உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடியாந்த பக்கம்டா அது. அங்கயா போற?" என்று கேட்டார். அப்பம்மா பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில், கஹவத்தைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1981 ஆகஸ்ட் வன்செயலில் லயம் எரிந்தபின், பிள்ளைகளோடு வவுனியாவுக்கு வந்தவர். அப்போது என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது.

வெளியூருக்கு ஊழியத்துக்குப் போகும் இளம் பிள்ளைகளைப் பற்றி எங்களிடையே இரண்டு விதமான கதைகள்தான் உண்டு. ஒன்று, சபைகள் எழுதும் சாட்சிக் கதை. மற்றது, "மதம் மாற்ற வந்தவன்" என்ற கதை. அந்தப் பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறான், யாரிடம் அனுமதி கேட்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்பது இரண்டிலும் வருவதில்லை. எனக்குத் தெரிந்த அளவில் அதை இங்கே எழுதுகிறேன்.

அனுப்பப்படுகிறவர்கள்

இளவயதினரை ஊழியத்துக்கு அனுப்புவதை மிகக் கண்டிப்பான ஒழுங்கோடு செய்பவர்கள் மோர்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர். 1830இல் அமெரிக்காவில் தொடங்கிய சபை அது. இன்று அவர்களுக்கு உலகெங்கும் 70,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் இருபது வயதை ஒட்டியவர்கள். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்கள் தெரிவுசெய்ய முடியாது, சபைதான் தீர்மானிக்கும். செலவைப் பெரும்பாலும் அந்தப் பிள்ளையும் குடும்பமுமே சேர்த்துக் கட்டுகிறார்கள். எப்போதும் இரண்டு பேராகத்தான் நடப்பார்கள். தனியாக வெளியே போகக்கூடாது. உடுப்புத் தோய்க்க, சந்தைக்குப் போக, வீட்டுக்கு எழுத என்று கிழமையில் ஒரு நாள் உண்டு. 2019 பெப்ரவரிக்கு முன்னர் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டாரோடு தொலைபேசியில் பேசலாம். அதன் பின்னரே கிழமைக்கு ஒருமுறை பேச அனுமதி வந்தது.

இவர்களின் முன்னோடிகள் எங்கள் பக்கத்துக்கும் வந்தவர்கள். 1853இல் ரிச்சட் பலன்டைன் என்பவரும் தோழர்களும் சென்னையில் இறங்கினார்கள். அதே ஆண்டில் சீயத்துக்கென்று புறப்பட்ட இரண்டு பேர் இலங்கையிலும் முயன்று பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் அதிகம் நிலைக்கவில்லை. பலன்டைன் ஓராண்டளவில் திரும்பிவிட்டார்.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்த வகை ஆட்கள் புதிதல்ல. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரில் பலர் இளம் ஆட்கள். உடுவிலில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833இல் அங்கேயே இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த சாமுவேல் கிறீன் 1847இல் வந்திறங்கியபோது வயது இருபத்தைந்து. நாங்கள் அவர்களைக் கட்டடங்களாலும் புத்தகங்களாலும் நினைவு வைத்திருக்கிறோம். தோட்டங்களுக்குப் போனவர்களை அப்படி யாரும் நினைவு வைக்கவில்லை.

1854இல் வந்த உபதேசிமார்

மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் ஊழியம் ஒழுங்காகத் தொடங்கியது 1854இல். "தமிழ்க் கூலி மிஷன்" என்பது அதன் பெயர். அதைக் கேட்டு வாங்கியவர்கள் தோட்டத் துரைமாரில் சிலர். நடத்தியது இங்கிலாந்துத் திருச்சபையின் சேர்ச் மிஷனரி சங்கம். பொறுப்பாக வந்த செப்டிமஸ் ஹொப்ஸ் ஏற்கெனவே திருநெல்வேலியில் வேலை செய்தவர். ஆனால் தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் வெள்ளைக்காரர் அல்லர். திருநெல்வேலியிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ் உபதேசிமார்.

வேலைக்குப் போகும் முன் பெரட்டுக்களத்தில் சில நிமிடம், வேலை முடிந்தபின் லயத்து வாசலில் சில நிமிடம். அவர்கள் பேசக்கூடிய நேரம் அவ்வளவுதான். சம்பளம் துரைமாரின் சந்தாவிலிருந்து வந்தது. உபதேசியார் துரையின் ஆளா, எங்கள் ஆளா என்று தொழிலாளி யோசித்திருப்பான்தானே. ஊரும் ஒன்று, மொழியும் ஒன்று, கடல் கடந்து வந்த கஷ்டமும் ஒன்று. ஆனால் சோறு வேறு கையிலிருந்து வருகிறது. நூற்றறுபது வருடம் கழித்துப் போன எனக்கும் முதலில் வந்த கேள்வி அதுதான்: "தம்பிக்குச் சம்பளம் யாரு குடுக்கிறா?"

சப்ரகமுவ ஏன் வேறு

மலையகம் என்றால் எங்கள் மனதில் வருவது ஹற்றனும் நுவரெலியாவும். அங்கே தோட்டத்தைத் தாண்டினால் இன்னொரு தோட்டம். கடையிலும் பஸ்ஸிலும் தமிழ் கேட்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அப்படி இல்லை. தேயிலையும் றப்பரும் கலந்த தோட்டங்கள். ஒவ்வொன்றும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் தனித்தனியாக இருக்கும். தோட்டத்துக் கேற்றைத் தாண்டினால் மொழி மாறிவிடும். தமிழ்ப் பாடசாலைகள் தூரத்தில். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் வேறு மாவட்டத்துக்குப் போய்த் தங்க வேண்டும். பிரதேச செயலகத்திலோ பொலிஸிலோ தமிழில் எழுதித் தர ஆள் கிடைப்பது அருமை.

1948இல் பிரஜாவுரிமை போனது, 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது எல்லாம் மலையகத்தார் எல்லோருக்கும் பொதுவான கதை. அதற்கு மேல் சப்ரகமுவக்காரருக்கு 1977, 1981, 1983 என்று அடுத்தடுத்து அடி விழுந்தது. சுற்றிவரக் கிராமங்கள் இருந்ததால் ஓடி ஒளிய இடமும் இருக்கவில்லை. அப்போது வன்னிக்கு வந்தவர்களில் பலரை டேவிட் ஐயாவும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் குடியமர்த்தியது. எங்கள் அப்பம்மா குடும்பமும் அப்படித்தான் காணி வெட்டித் திருத்தி இருந்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்ததை இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் பதினாறு வயதில் நான் மெனிக் பாமில் இருந்தேன்.

ஒரு நாள் எப்படிப் போகும்

எனக்குக் கிடைத்தது லயத்தின் கடைசிக் காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் சின்ன இஸ்தோப்பு. ஆள் இல்லாமல் கிடந்ததை ஒரு குடும்பம் கூட்டித் தந்தது.

காலை நாலரைக்கு எழும்ப வேண்டும். பிந்தினால் பீலியில் பெண்கள் வந்துவிடுவார்கள். ஆம்பிளை போய் நிற்க முடியாது. ஐந்தரைக்குப் பால் வெட்டுகிறவர்கள் றப்பர் மலைக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். கொழுந்து எடுப்பவர்கள் ஏழு மணிக்குப் பெரட்டுக்கு நிற்பார்கள். எட்டு மணிக்கு லயத்தில் இருப்பது கிழவர்களும் நோயாளிகளும் நாய்களும்தான்.

முதல் மாதம் நான் சபையில் சொல்லித்தந்தபடி காலை ஒன்பது மணிக்கு வீடு சந்திக்கப் புறப்பட்டேன். எல்லா வீடும் பூட்டு. பிறகுதான் விளங்கியது, இங்கே வீடு சந்திக்கும் நேரம் மாலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை மட்டும். அதிலும் பெண்கள் அப்போதுதான் வந்து விறகு வைத்து அடுப்பு மூட்டுவார்கள். நான் போய்க் குந்தினால் அவர்களுக்கு ஒரு தேத்தண்ணி வேலை கூடும். ஆகவே அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கதைக்கப் பழகினேன்.

பகலில் செய்ய ஒன்றுமில்லாததால் வேறு வேலைகள் வந்து சேர்ந்தன. வயதானவர்களைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கூட்டிப்போவது. ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்புவது. பிறப்புச் சான்றிதழில் பிழையாக விழுந்த பெயரைத் திருத்த பிரதேச செயலகத்துக்கு அலைவது. இதற்குச் சிங்களம் வேண்டும். எனக்குத் தெரிந்த சிங்களம் சோதனைச் சாவடிச் சிங்களம் மட்டுமே: பெயர், ஊர், அடையாள அட்டை. எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெடியன் எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தந்தான். நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மழை வந்தால் அட்டை. உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு நடந்தாலும் சப்பாத்துக்குள் வந்துவிடும். ஆனால் மழையின் உண்மையான கஷ்டம் அதுவல்ல. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. அந்தக் காலத்தில் நாட்சம்பளம் 620 ரூபாய் என்பார்கள். அதில் அடிப்படை 450 மட்டும். 140 ரூபாய் வரவுக்கான கொடுப்பனவு, 30 ரூபாய் விலைப்பங்குக் கொடுப்பனவு. மாதத்தில் வேலை கொடுக்கும் நாட்களில் முக்கால்வாசிக்கு வந்தால்தான் அந்த 140 கிடைக்கும். ஆகவே "நாளைக்கு உபவாச ஜெபம், எல்லோரும் வாருங்கள்" என்று வார நாளில் கூப்பிடுகிற ஊழியக்காரன் அவர்களிடம் என்ன கேட்கிறான் என்று அவனுக்கே தெரிவதில்லை. நான் இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

தனிமையும் இருந்தது. மோர்மன் பிள்ளைகளை இரண்டு பேராக அனுப்புவதன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது. என்னோடு வரவேண்டிய மற்றப் பெடியன் மூன்றாம் கிழமையே காய்ச்சலோடு திரும்பிவிட்டான். இரவு எட்டரைக்கு லயம் அடங்கிவிடும். சிக்னல் கிடைக்க மேட்டுக் கோயிலடிக்கு ஏற வேண்டும். மாரியம்மன் கோயில் படியில் இருந்துதான் நான் அம்மாவோடு பேசுவேன். அதைக் கோயில் தலைவர் ஒருநாளும் தடுக்கவில்லை. "அம்மாகிட்ட தான பேசுறீங்க, பேசுங்க" என்றார்.

வாய் திறந்தால் தெரிந்துவிடும்

"வாங்கோ", "பேந்து", "கதைக்கிறது" என்று நான் பேசியதும் என்னை யாழ்ப்பாணத்தான் என்று வைத்துவிட்டார்கள். மரியாதை கூடியது, நெருக்கம் குறைந்தது. கிழவர் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஒங்க ஆளுக எங்கள தோட்டக்காட்டான்னுதான தம்பி சொல்லுவாங்க?"

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. கிளிநொச்சியில் பாடசாலையில் என்னையே அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புக்குக் கிணறு வெட்ட, வீதி போட யாரும் அவசரப்படவில்லை. ஆனால் போருக்கு ஆள் தேவைப்பட்டபோதும், ஷெல் விழுந்தபோதும் நாங்கள் எல்லோரோடும் ஒன்றாகத்தான் இருந்தோம். அங்கே தோட்டக்காட்டான், இங்கே யாழ்ப்பாணத்தான். நான் அப்பம்மாவின் கதையைச் சொன்ன அன்றுதான் அந்தக் கிழவர் என்னை உள்ளே கூப்பிட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். அதன் பிறகு நான் "பாஸ்டர் தம்பி" இல்லை. "கவத்தப் பொண்ணு பேரன்" என்று ஆனேன்.

அனுமதி யாரிடம்

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கும், ஏற்கும் சுதந்திரத்தைத் தருகிறது. 14(1)(உ) பிரஜைகள் தம் மதத்தை வழிபாட்டாலும் போதனையாலும் வெளிப்படுத்தலாம் என்கிறது. ஆனால் 2003இல், கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில், மதத்தைப் பரப்புவதற்கு அரசியலமைப்பில் உரிமை இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இதில் உரிமை மீறல் உண்டென்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் முடிவுசெய்தது. 2004இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் நிறைவேறவில்லை. 2008 ஒக்டோபரில் மத விவகார அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி வேண்டும் என்றது. சின்னச் சபைகளிடம் அதிகாரிகள் அதிகம் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான்.

தோட்டத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு. 1992க்குப் பிறகு பெருந்தோட்டங்களை நடத்துவது கம்பனிகள். லயத்து வாசல்கூடத் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. ஆகவே துரையிடம் அனுமதி கேட்டேன். ஒலிபெருக்கி இல்லை, சண்டை இல்லை, முறைப்பாடு வந்தால் வெளியே என்று மூன்று நிபந்தனை. கிராமத்திலிருந்து ஒரு இளம் பிக்குவும் நாலைந்து பேரும் ஒருமுறை வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். கிராம சேவகரும் கோயில் தலைவரும் எனக்காகப் பேசினார்கள். "கடிதம் எழுதித் தருகிற பையன்" என்று கோயில் தலைவர் சிங்களத்தில் சொன்னார். அது போதுமாக இருந்தது.

அனுமதி உண்மையில் தரவேண்டியவர்கள் லயத்துச் சனம்தான் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

புத்தகப் பையும் அரிசிப் பையும்

என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் வருடம் ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவாக வந்தார்கள். சபைக்கு மாதாமாதம் எண்ணிக்கை அனுப்ப வேண்டும். நான் ஒரு சிறுமியிடம், தவறாமல் வந்தால் புத்தகப் பை தருவேன் என்றேன். அவள் வந்தாள், கொடுத்தேன். அன்று மாலை அவளது அம்மா பையைக் கொண்டுவந்து என் இஸ்தோப்பில் வைத்தார். "புள்ள சாமி கும்பிட வரட்டும் தம்பி, வேணாங்கல. பைக்காக வரவேணாம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

அந்தப் பேச்சு அடுத்த வருடம் உதவியது. 2016 மே 15ஆம் திகதியளவில் தொடங்கிய மழை விடவில்லை. 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேல். அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் லயங்களின் மேல் மண் வந்து விழுந்தது. எங்கள் தோட்டத்தில் மலைச்சரிவில் வெடிப்பு. நாற்பத்திரண்டு குடும்பம் பாடசாலையில் படுத்தது. நனைந்த பாய், ஒரே மலசலகூடம், அழும் பிள்ளைகள். எனக்கு எல்லாம் மெனிக் பாம் போலவே இருந்தது.

சபையிலிருந்து அரிசியும் பருப்பும் பால்மாவும் வந்தன. தொலைபேசியில் ஒரு சொல்லும் வந்தது: ஜெபத்துக்கு வருகிற குடும்பங்களுக்கு முதலில் கொடுங்கோ, பெயர்ப் பட்டியலும் படமும் அனுப்புங்கோ.

மெனிக் பாமில் ஒருநாள் யாரோ ஒரு குழுவினர் சவர்க்காரமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். வரிசையில் நிற்கவைத்து, தலை குனிந்து ஜெபிக்கச் சொல்லி, படம் எடுத்தபின் தந்தார்கள். அம்மா சைவம். அவர் தலையைக் குனிந்தார், எனக்காக. அந்தப் படம் எங்கேயோ இன்னும் இருக்கும்.

சாமான்களை நான் பாடசாலை அதிபர், கோயில் தலைவர், தொழிற்சங்கத் தலைவர் மூவரிடமும் ஒப்படைத்தேன். பெயர் அடிப்படையில் இல்லாமல், குடும்பத்தில் எத்தனை வாய் என்று பார்த்து அவர்கள் பிரித்தார்கள். படம் அனுப்பவில்லை. எனக்கு வரும் மாதப்படி இரண்டு மாதம் நின்றது. அந்த இரண்டு மாதமும் லயத்தில் முறைவைத்துச் சாப்பாடு தந்தார்கள். என் சோறு அவர்கள் கையிலிருந்து வந்தது அப்போதுதான். சம்பளம் யார் கொடுக்கிறார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கஹவத்தை

திரும்புவதற்கு முன், 2016 டிசம்பரில், அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை என்று பஸ் மாறி கஹவத்தைக்குப் போனேன். அப்பம்மா சொன்ன அடையாளம் ஒரு பலாமரமும் லயத்துக்குக் கீழே ஒரு பீலியும். பலாமரம் இல்லை. லயம் இருந்தது, வேறு சனம் இருந்தது. ஒரு கிழவிக்கு மட்டும் அப்பம்மாவின் பெயர் ஞாபகம். எரிந்தபின் இரண்டு நாள் தேயிலைக்குள் படுத்திருந்ததைச் சொன்னார். "நாங்க போக எடமில்லாம இருந்துட்டோம். அவ போனாளே, நல்லா இருக்காளா?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. போன இடத்தில் மகனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் 2009இல் இழந்ததை எப்படிச் சொல்வது? "இருக்கிறா" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பம்மா கேட்டது ஒன்றுதான்: "பீலியில தண்ணி வருதா?" வருகிறது என்றேன்.

போக நினைக்கும் பிள்ளைகளுக்கு

நான் இப்போது ஊழியத்தில் இல்லை. கிளிநொச்சியில் சிங்களம் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறேன். போருக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சபைகள் நிறையப் பிள்ளைகளை வெளியே அனுப்புகின்றன. போகிறவர்களில் பலர் பெற்றோரை இழந்தவர்கள். சபைதான் வீடு என்று இருப்பவர்கள். அவர்களுக்குச் சில விஷயங்கள்.

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகுமுன் ஆறு மாதமாவது சிங்களம் படியுங்கள். தோட்டத்து வேலை நேரத்தை அறிந்த பிறகே உங்கள் நேரத்தைப் போடுங்கள். துரையிடம் போன அன்றே கோயில் தலைவரிடமும் போங்கள். எண்ணிக்கை கேட்டால், எத்தனை பிறப்புச் சான்றிதழ் திருத்தினீர்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். பொருள் கொடுப்பதையும் ஜெபத்தையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வரிசையில் நிற்கிறவரைப் படம் எடுக்காதீர்கள். நாங்கள் அந்த வரிசையில் நின்றவர்கள். அது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.